25 மீட்டர் தள்ளி வெல்டிங்: கேபிள் 35 போதுமா, 50 போடணுமா?

பண்ணைஷெட் (நாமக்கல்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோழிப்பண்ணை ஷெட், குடோன் ட்ரஸ் வேலை எடுத்துச் செய்றோம். வெல்டிங் மெஷின் 250 ஆம்ப் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர். ட்ரஸ்ஸை (கூரை தாங்குற இரும்புச் சட்டம்) கீழேயே வெல்டு அடிச்சு முடிச்சு கிரேன் வச்சு ஏத்துறதால இதுவரைக்கும் மெஷினோட வந்த கேபிளே போதுமா இருந்துச்சு. இப்ப எடுத்திருக்கிற ஷெட்டுல பர்லின் கிளீட் (தகரம் தாங்குற குறுக்குச் சட்டத்தைப் பிடிக்கிற துண்டு), பிரேசிங் (ஆடாம இருக்கப் போடுற குறுக்குக் கட்டு) எல்லாம் மேல ஏறித்தான் அடிக்கணும். அதனால 25 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள் ஹோல்டருக்கு (ராடு பிடி) 25 மீட்டர், எர்த்துக்கு 25 மீட்டர் வாங்கிப் போட்டோம்.

கீழே ஜம்முனு ஓடுற 4 எம்எம் 6013 ராடு மேல போனா ஒட்டுது. தட்டித் தட்டிப் பிடிச்சாலும் கொஞ்சம் தூக்கினா ஆர்க் அணைஞ்சிடுது. 3.15 ராடு பரவாயில்லை. மெஷின் டிஸ்ப்ளேல 150ன்னுதான் காட்டுது. கேபிளைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கு, கை சுடற அளவுக்கு இல்லை.

கடையில 35 போடுங்கங்கிறாங்க. எங்க மேஸ்திரி 50தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். ரெண்டுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லைங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கேபிள்கடை (கோவை)

200 ஆம்ப் வரைக்கும் 25, 250–300க்கு 35, 400க்கு 50, 600க்கு 70. எங்க கவுண்டர்ல எல்லாரும் இப்படித்தான் வாங்கிட்டுப் போறாங்க. உங்க மெஷினுக்கு 35 தாராளம். 50 எடுத்தா காசும் வேஸ்ட், மேல தூக்கிட்டு அலையற பாடும் வேஸ்ட்.

மின்பொறி (சென்னை)

கடைக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கணக்கு மெஷினுக்குப் பக்கத்திலேயே வேலை செய்பவர்களுக்குச் சரி. அதில் ஆம்பியர் இருக்கிறது, மீட்டர் இல்லை.

கேபிளுக்கு இரண்டு சோதனை வைக்க வேண்டும். ஒன்று சூடு, மற்றொன்று வோல்டேஜ் இழப்பு. சூட்டை முதலில் பார்ப்போம். 25 ஸ்கொயர் ரப்பர் வெல்டிங் கேபிள் இடைவிடாமல் சுமார் 180 ஆம்ப் தாங்கும் என்று அட்டவணைகளில் இருக்கும். அது 25 டிகிரி காற்றுக்கும் 85 டிகிரி காப்பருக்கும் போட்ட கணக்கு. நாமக்கல் வெயிலில் 40 டிகிரி என்று வைத்தால் 155 அளவுக்கு இறங்கும். ஆனால் யாரும் இடைவிடாமல் வெல்டிங் செய்வதில்லை. ராடு மாற்றுவது, கசடு தட்டுவது, இடம் மாறுவது என்று பாதி நேரத்துக்கு மேல் ஆர்க் இருக்காது. 10 நிமிடத்தில் 4 நிமிடம் ஆர்க் என்றால் 0.4-இன் வர்க்கமூலம் 0.63. 150 ஆம்ப் ஓட்டினாலும் கேபிள் 95 ஆம்ப் இடைவிடாமல் ஓடிய அளவுக்குத்தான் சூடாகும். நண்பர் சொல்வதும் அதுதான்: வெதுவெதுப்பு. சூட்டில் 25 ஸ்கொயரே பாஸ்.

வோல்டேஜில்தான் மாட்டிக்கொண்டார். கரண்ட் ஹோல்டர் வழியாகப் போய் எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். ஆக அவருடைய நீளம் 25 இல்லை, 50 மீட்டர். மென்கம்பிக் காப்பர் கேபிளின் மின்தடை மீட்டருக்கு 25 ஸ்கொயரில் 0.78 மில்லி ஓம், 35-ல் 0.554, 50-ல் 0.386, 70-ல் 0.272. இதை 50 மீட்டராலும் 150 ஆம்பியராலும் பெருக்கினால் 25 ஸ்கொயரில் 5.9 வோல்ட் கேபிளிலேயே போகிறது. 35 போட்டால் 4.2, 50 போட்டால் 2.9, 70 போட்டால் 2. இவை 20 டிகிரிக் கணக்கு. கேபிள் சூடேறி 50 டிகிரி தொட்டால் ஒவ்வொன்றிலும் சுமார் 12 சதவீதம் கூடும்.

150 ஆம்ப் ஸ்டிக் வெல்டிங்குக்கு ஆர்க்கில் எதிர்பார்க்கும் வோல்டேஜ் 26 (20-உடன் ஆம்பியரின் 0.04 மடங்கைக் கூட்டுங்கள், ஐஈசி என்ற சர்வதேச மின்தரத்தில் உள்ள சூத்திரம்). அந்த 26-க்குப் பக்கத்தில் 6 வோல்ட் சில்லறை இல்லை. அமெரிக்க மெஷின் கையேடுகளில் உள்ள கேபிள் அட்டவணைகள் போகவர மொத்தம் 4 வோல்ட்டுக்கு மேல் இழக்காதபடி போடப்பட்டவை. அதை வைத்துப் பார்த்தால் 35 கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே நிற்கிறது, 50 உள்ளே. மேஸ்திரி சொன்னது சரி.

ரெண்டாம்பாஸ்

இதுக்கு ஏன் இவ்ளோ கணக்கு. குமிழைத் திருப்பி 170 வைங்க, வேலை முடிஞ்சது. நாங்க 40 மீட்டர்ல 25 ஸ்கொயர் போட்டு ஓட்டியிருக்கோம்.

மின்பொறி

பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினில் அது ஓரளவு செல்லும். அதில் கேபிள் இழப்பு வந்தால் ஆம்பியரே குறையும், கூட்டி வைத்தால் திரும்ப வரும். இன்வெர்ட்டர் அப்படி இல்லை. 150 வைத்தால் கேபிள் எவ்வளவு தின்றாலும் 150-ஐக் கொடுக்கப் பார்க்கும். டிஸ்ப்ளே பொய் சொல்லவில்லை. 170 வைத்தால் ராடு தேவைக்கு மேல் சூடாகும், பிளேட் ஓரம் அரிக்கும், ஒட்டுவது அப்படியேதான் இருக்கும்.

ஏன் ஒட்டுகிறது என்றால் ஆர்க் போர்ஸ். ராடு ஜாபை (வெல்டு செய்யும் இரும்பை) நெருங்கி வோல்டேஜ் விழும்போது மெஷின் ஒரு நொடிக்குள் கரண்டை ஏற்றித் தள்ளி ஒட்டவிடாமல் காப்பாற்றும். அந்த வோல்டேஜை மெஷின் எங்கே பார்க்கிறது? ராடு நுனியில் இல்லை, தன்னுடைய சாக்கெட்டில். நுனியில் 12 வோல்ட்டுக்கு விழுந்திருக்கும்போது நடுவில் கேபிள் 6 வோல்ட் எடுத்துக்கொண்டால் மெஷினுக்கு அது 18-ஆகத் தெரியும். எல்லாம் நலம் என்று சும்மா இருக்கும், அதற்குள் ராடு ஒட்டிவிடும்.

துவாக்குடி ஃபிட்டர் (திருச்சி)

மின்பொறி சார் சொன்ன ஆர்க் போர்ஸ் விஷயம் கெட்டி. ஆனா தூக்கினா அணையுதுன்னு சொல்றாரே, அதுக்கு இந்த 6 வோல்ட் மட்டும் காரணமா இருக்காது. தம்பி, மெஷினுக்குக் கரண்ட் எப்படி எடுக்கிறீங்க? கம்பத்துலயிருந்து மெஷின் எவ்வளவு தூரம், என்ன வயர்? சும்மா இருக்கும்போது ஒரு வோல்டேஜ், 4 எம்எம் ராடு எரியும்போது ஒரு வோல்டேஜ், ரெண்டையும் மெஷின் பிளக்குல மீட்டர் வச்சுப் பார்த்துச் சொல்லுங்க. இந்தப் பக்கம் ஆன்சிலரி யூனிட்டுக்குள்ள (பெரிய ஆலைக்குப் பாகம் செஞ்சு குடுக்கிற பட்டறை) வேலை செய்யுறவங்களுக்கு இது தெரியாது, பஸ்பார்லயிருந்து (பேனல்ல இருக்கிற தடிமனான மின்பட்டை) நேரா எடுப்பாங்க. சைட் வேலையில பாதிக் கோளாறு பிளக்குக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும்.

பண்ணைஷெட்

அண்ணே, பார்த்தாச்சு. சும்மா இருக்கும்போது 212. ராடு எரியும்போது 184, 186ன்னு ஆடுது. மோட்டார் ரூம்லயிருந்து ஷெட்டு 40 மீட்டர் இருக்கும், 2.5 ஸ்கொயர் மூணு கோர் வயர்ல எடுத்திருக்கோம். அதையும் மாத்தணுமாங்க?

துவாக்குடி ஃபிட்டர்

அதைத்தான் முதல்ல மாத்தணும். 2.5 ஸ்கொயர் மீட்டருக்கு 8 மில்லி ஓம். போகவர 80 மீட்டர், 0.64 ஓம். உங்க மெஷின் 150 ஆம்ப் குடுக்கும்போது மெயின்ல 40 ஆம்ப் பக்கம் இழுக்கும். 25, 26 வோல்ட் அந்த வயரே முழுங்கிடுச்சு. 40 ஆம்புக்கு 2.5 வயரே தப்பு, சுருட்டி வேற வச்சிருந்தா உருகிப்போகும். 6 ஸ்கொயர் போடுங்க, இழப்பு 10, 11 வோல்ட்டுல நிக்கும். மெஷினுக்கு உள்ள வர்ற வோல்டேஜ் படுத்தா வெளிய அது தரக்கூடிய உச்ச வோல்டேஜும் படுக்கும். மேல ஒரு பக்கம் கேபிள் 6 வோல்ட் பிடுங்க, கீழ மெஷினுக்கே மூச்சு இல்லைன்னா ஆர்க்கை நீட்ட எங்க மிச்சம்?

கப்பல்பட்டறை (சிங்கப்பூர்)

ஒரு சந்தேகம். 8 கிலோ இன்வெர்ட்டர்தானே, அதையே கயிறு கட்டி மேல ஏத்திட்டா என்ன? 6 ஸ்கொயர் மெயின் வயரை நீட்டினா போதும், 50 ஸ்கொயர் காப்பருக்கு அழ வேண்டாம்னு சில பேர் செய்றதைப் பார்த்திருக்கேன்.

துவாக்குடி ஃபிட்டர்

கணக்குப்படி லாபம்தான். 230 வோல்ட்டுல 10 வோல்ட் போனா 4, 5 சதவீதம்; 26-ல 6 போனா கால்பங்கு. ஆனா உயிர்க் கணக்கு வேற. தகரம், ஆங்கிள், கிரைண்டர் பொறி, எல்லாம் நடுவுல 230 வோல்ட் வயர் மேல ஏறிப் போகுது. ஒரு தகரத்தின் வெட்டு முனை அந்த வயர் மேல உட்கார்ந்தா மொத்த ட்ரஸ்ஸும் லைவ். மேல நிக்கிறவனுக்கு ஷாக் லேசா அடிச்சாலும் கீழதான் விழுவான். நான் விட மாட்டேன். மெஷின் தரையில, மெயின் வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு, 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற சுவிட்ச்) போட்டு. நீட்டணும்னா வெல்டிங் பக்கத்தை நீட்டு.

கப்பல்பட்டறை

ஒத்துக்கிறேன். எங்க யார்டுலயும் டாங்க்குக்குள்ள மெஷினைக் கொண்டுபோக விட மாட்டாங்க. மெஷின் எல்லாம் டெக்குல நிக்கும், அங்கயிருந்து 70 ஸ்கொயர் இறங்கும். ஆனா 70-ஐக் கையில பிடிச்சு ஒருத்தன் ஓவர்ஹெட் அடிக்க முடியாது, தோள் கழண்டிடும். கடைசி 3 மீட்டருக்கு மட்டும் 25 அல்லது 35 ஸ்கொயர் துண்டு, நடுவுல ஆண்-பெண் கப்ளர். நாமக்கல் நண்பரும் இதையே செய்யலாம். உங்ககிட்ட இருக்கிற பழைய கேபிள்ல 3 மீட்டர் வெட்டினா வேலை முடிஞ்சது. 3 மீட்டர் 25 ஸ்கொயருக்கு இழப்பு 0.35 வோல்ட்தான். கை லேசா இருந்தா வெல்டு நல்லா வரும்.

இன்னொண்ணு, 50 ஸ்கொயர்ல காப்பர் மட்டுமே மீட்டருக்கு 450 கிராம் பக்கம் வரும், ரப்பர் தனி. அந்தத் தொங்குற பாரம் ஹோல்டர்ல ஏறக் கூடாது. கப்ளருக்குக் கீழ கயிறு போட்டு ட்ரஸ்ல கட்டிடணும்.

பண்ணைஷெட்

நல்ல யோசனைங்க. அப்புறம் எர்த்து விஷயம் ஒண்ணு கேக்கணும். இந்த ஷெட்டுக்குத் தூணெல்லாம் ஐஎஸ்எம்பி 200 (200 எம்எம் உயர ஐ வடிவ இரும்பு). எர்த் கிளாம்பை மேல கொண்டுபோகாம தூண் அடியிலயே மாட்டிக்கலாமா? பக்கத்து சைட்டுல 12 எம்எம் முறுக்குக் கம்பியைத் துண்டு துண்டா வச்சே எர்த் ஓட்டுறாங்க, அவங்களுக்கு ராடு ஒட்டலையாம்.

மின்பொறி

தூண் நல்ல கடத்திதான். ஐஎஸ்எம்பி 200-இன் குறுக்குப் பரப்பு 3,000 சதுர மில்லிமீட்டருக்கு மேல். இரும்பு காப்பரைவிட ஒன்பது பத்து மடங்கு மோசம் என்று வைத்தாலும் 300 ஸ்கொயருக்கு மேற்பட்ட காப்பர் நிற்பதற்குச் சமம். 12 எம்எம் கம்பி 113 சதுர மில்லிமீட்டர், காப்பர் கணக்கில் 12 ஸ்கொயர் தேறும். ஏசி மெஷின் என்றால் அதுவும் தேறாது, இரும்புக்குள் ஏசி தோலோடுதான் ஓடும்.

ஆனால் கம்பியின் தடையைவிடப் பெரிய தொல்லை அதன் தொடுமுனைகள். ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வைத்த கம்பித் துண்டுகளில் ஒவ்வொரு முனையும் ஒரு குட்டி ஆர்க். துரு, மண், பெயின்ட், எல்லாவற்றையும் தாண்டிப் போக வேண்டும்.

துவாக்குடி ஃபிட்டர்

தூணை எர்த்தா பிடிக்கிறதுல எனக்கு ஒரு தடை இருக்கு. தூணுக்கும் ட்ரஸ்ஸுக்கும் நடுவுல என்ன? போல்ட்டு. ரெட் ஆக்சைடு அடிச்ச ரெண்டு பிளேட்டுக்கு நடுவுல 150 ஆம்ப் போகப் பார்த்தா போல்ட் திரெட்டுல பொறி பறக்கும், குழி விழும். கிரேன் இன்னும் ட்ரஸ்ஸைப் பிடிச்சிருந்தா அதோட வயர் ரோப் வழியாக்கூட கரண்ட் வழி தேடும். ரோப்புல ஒரு இழை கருகினா எவனுக்கும் தெரியாது. அதே மாதிரி பேரிங், செயின் பிளாக் எல்லாம். அதனால ரூல் ஒண்ணுதான்: எந்தப் பீஸ்ல வெல்டு பண்றோமோ அதே பீஸ்ல, வெல்டுக்குக் கிட்ட, பெயின்ட்டைக் கிரைண்டர்ல தேய்ச்ச இடத்துல கிளாம்ப். மேல ட்ரஸ்லதான் மாட்டணும்.

மின்பொறி

தூணையும் ட்ரஸ்ஸையும் இரண்டு முனையிலும் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக முனை) போட்ட ஒரு மீட்டர் 35 ஸ்கொயர் துண்டால் இணைத்துவிட்டால் போல்ட்டுக்கு வேலை இல்லை. எர்த் கேபிளில் 20 மீட்டர் மிச்சமாகும்.

துவாக்குடி ஃபிட்டர்

சார், நீங்க இருந்து பார்த்துச் செய்தா சரி. 14 ட்ரஸ்ஸுல 13-க்கு அந்தத் துண்டை மாத்தி மாட்டுவான், 14-வதுல டீ குடிக்கப் போயிடுவான். கேபிளை மேல கொண்டு போறதுதான் மறக்க முடியாத வழி.

மின்பொறி

அதுவும் சரிதான். அப்படியானால் செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. நண்பரிடம் ஏற்கெனவே 25 ஸ்கொயரில் 25 மீட்டர் இரண்டு இருக்கின்றன. இரண்டையும் ஜோடியாகப் போட்டு எர்த் லைன் ஆக்குங்கள். 25-உம் 25-உம் பக்கவாட்டில் சேர்ந்தால் 50. புதிதாக ஹோல்டர் பக்கத்துக்கு மட்டும் 50 ஸ்கொயர் 25 மீட்டர் வாங்கினால் போதும், பாதிக் காசு மிச்சம்.

கவனிக்க வேண்டியது: இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும், நான்கு லக்கும் சரியாகக் கிரிம்ப் செய்திருக்க (கருவியால் அழுத்தி இறுக்கியிருக்க) வேண்டும். ஒரு கேபிளில் லக் லொடலொடத்தால் கரண்ட் முழுக்க மற்றொன்றில் போகும், அது தெரியாமலே வேலை நடக்கும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இரண்டையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடாக, ஒன்று குளிர்ந்து இருந்தால் குளிர்ந்த கேபிளின் லக்கைப் பாருங்கள். கைத்துண்டுக்கு இதிலிருந்து வெட்ட வேண்டாம். மெஷினோடு வந்த குட்டைக் கேபிளே அதற்குப் போதும்.

ரெண்டாம்பாஸ்

மிச்சக் கேபிளைச் சுருட்டி வைக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே, அது நிஜமா?

கப்பல்பட்டறை

டிசி மெஷின்ல ஆர்க்குக்குப் பெரிய பாதிப்பு இல்லை, ஆனா சுருளுக்கு நடுவுல காத்து போகாம கேபிள் வேகும். ஏசி டிரான்ஸ்பார்மர்ல சுருட்டினா அதுவே ஒரு சோக்கு (கரண்டைத் தடுக்கிற சுருள்). இரும்பு டிரம் மேலயோ தூணைச் சுத்தியோ சுத்தியிருந்தா ஆம்பியர் கண்ணுக்குத் தெரிய இறங்கும். நீளமா எட்டு வடிவத்துல விரிச்சுப் போடுங்க. முக்கியமா போற கேபிளும் வர்ற கேபிளும் ஒட்டிப் போகணும்.

கேபிள்கடை

சரி, 50-ஏ எடுங்க. ஆனா எடுக்கும்போது பார்த்து எடுங்க, கடைக்காரனே சொல்றேன். மேல 50ன்னு அச்சடிச்சு உள்ள 40 இருக்கிற சரக்கும் மார்க்கெட்டுல சுத்துது. காப்பர் முலாம் பூசின அலுமினியமும் காப்பர்ன்னே வித்திடறாங்க.

முனையில ரப்பரை உரிச்சு ஒரு இழையை பிளேடால சுரண்டுங்க. உள்ள வெள்ளையா வந்தா வச்சிட்டு வந்திடுங்க. எடை போட்டாலும் தெரிஞ்சிடும்: 50 ஸ்கொயர் காப்பர் ஒரு மீட்டர் ரப்பர் இல்லாமலே 450 கிராம் வரும், அலுமினியம்னா 135தான். சைஸ் சந்தேகம்னா மைக்ரோமீட்டர்ல ஒரு இழையோட விட்டத்தை எடுத்து, விட்டம் இன்டு விட்டம் இன்டு 0.785, அதை இழை எண்ணிக்கையால பெருக்குங்க. 0.3 எம்எம் இழைன்னா 50 ஸ்கொயருக்கு 700 இழை இருக்கணும். முழுசா எண்ண வேண்டாம், ஒரு கட்டு எண்ணி கட்டுகளால பெருக்கினா போதும். ஐஎஸ் 9857 (வெல்டிங் கேபிளுக்கான இந்தியத் தரம்) முத்திரை இருக்கான்னு பாருங்க. உறை எச்ஓஎப்ஆர் ரப்பரா கேளுங்க. சூடு, எண்ணெய், தீ மூணையும் தாங்குறது அதுதான். பிவிசி உறை பொறி பட்டா ஓட்டை விழும், ட்ரஸ் மேல ஓட்டை விழுந்த கேபிள் கிடந்தா என்ன ஆகும்னு மேல ஃபிட்டர் அண்ணன் சொல்லிட்டார்.

பண்ணைஷெட்

எல்லாருக்கும் நன்றிங்க. மெயினுக்கு 6 ஸ்கொயர் போட்டாச்சு, ராடு எரியும்போது 200க்குக் கீழ இறங்கலை. ஹோல்டருக்கு 50 ஸ்கொயர் காப்பர், எர்த்துக்கு ரெண்டு 25 ஜோடி, கையில 3 மீட்டர் துண்டு. மெஷின் சாக்கெட்டுல ஒரு மீட்டரும், மேல ஹோல்டர் வாய்க்கும் ஜாபுக்கும் நடுவுல ஒரு மீட்டரும் வச்சு ஒரே நேரத்துல பார்த்தோம், வித்தியாசம் 3 வோல்ட்டைச் சுத்தியே இருக்கு. 4 எம்எம் ராடு மேல இப்ப கீழ மாதிரியே ஓடுது. டிக் மெஷின்லயும் (ஆர்கான் வெல்டிங்) இப்படி மீட்டர் வச்சுப் பார்க்கலாமுங்களா? அடுத்து எஸ்எஸ் தீவனத் தொட்டி வேலை ஒண்ணு இருக்கு.

மின்பொறி

ஹெச்எப் ஸ்டார்ட் (தொடாமலே உயர் அதிர்வெண் மின்சாரத்தால் ஆர்க் பற்ற வைப்பது) இருக்கும் டிக் மெஷினில் மீட்டரை மாட்டாதீர்கள். ஆர்க் பற்ற வைக்க அது ஆயிரக்கணக்கான வோல்ட் அனுப்பும், மீட்டர் அந்த நொடியே போய்விடும். லிப்ட் ஸ்டார்ட் (தொட்டுத் தூக்கி ஆர்க் பற்ற வைப்பது) என்றால் பார்க்கலாம்.

வீச்சுக்கம்பி (தூத்துக்குடி)

இடையில புகுந்து கேக்கறேன். எங்க சைட்டுல காப்பர் கேபிளை ராத்திரி விட்டா காலையில இருக்காது. அலுமினியம் கேபிள் போட்டா எந்த சைஸ்?

துவாக்குடி ஃபிட்டர்

அலுமினியம் காப்பரைவிட 1.6 மடங்கு தடை. காப்பர் 50 வேண்டிய இடத்துக்கு அலுமினியம் 80 வேணும், கடையில 95தான் கிடைக்கும். எடை குறைவா இருக்கிறதால அதைத் தூக்குறது கஷ்டம் இல்லை. லக்தான் வில்லங்கம். அலுமினிய லக் போட்டு, பேஸ்ட் தடவி, ஹைட்ராலிக் கிரிம்பர்ல அமுக்கணும். சுத்தியல்ல அடிச்சா ஒரு மாசத்துல வெள்ளைப் பொடி பூத்து சூடாக ஆரம்பிக்கும். அலுமினியம் இழை மடங்கி மடங்கி ஒடியும், அதனால தரையில கிடக்கிற நீளத்துக்கு மட்டும் அதைப் போட்டு, கைப்பக்கம் 5 மீட்டர் காப்பர் வைங்க. அந்த 5 மீட்டரைச் சாயங்காலம் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாம்.